ஃபோம் விமானத்தின் இறக்கையை வலுப்படுத்துதல்: புதிதாகக் கட்டுவோருக்கு ஒரு வழிகாட்டி

நான் வீட்டில் கட்டிய, ரேடியோவால் இயக்கும் இரண்டாவது ஃபோம் மாதிரி விமானத்தின் இறக்கை தரையில் மோதி உடையவில்லை. மூக்கைத் தாழ்த்தி வேகமாக இறங்கிக்கொண்டிருந்த விமானத்தை நிமிர்த்துவதற்காக எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையை) இழுத்த கணத்தில், ஆகாயத்திலேயே இடப்பக்க இறக்கை மேல்நோக்கி மடிந்துவிட்டது. துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து மேசைமேல் பரப்பிப் பார்த்தபோது, இறக்கைக்குள் நான் பொதித்திருந்த கார்பன் குழாயில் ஒரு கீறல்கூட இல்லை. குழாய் முடிந்த இடத்தில், நடுக்கோட்டிலிருந்து சரியாக 25 சென்டிமீட்டர் தள்ளி, ஃபோம் மட்டும் கத்தியால் அறுத்ததுபோல நேர்கோடாகப் பிளந்திருந்தது; குழாயின் வட்ட விளிம்பு அந்தப் பிளவில் அச்சுக் குத்தியதுபோலப் பதிந்திருந்தது. குழாய் தாங்கிய சுமை முழுவதும், அது முடிந்த இடத்தில், வெறும் ஃபோமின் தலையில் ஒரேயடியாக இறங்கியிருக்கிறது.

இறக்கையை வலுப்படுத்தும்போது எதைச் சேர்ப்பது என்ற கேள்வியைவிட, அதை எங்கே வைப்பது, எங்கே எப்படி முடிப்பது என்ற கேள்விகளே பெரியவை என்பதை அந்தப் பிளவுதான் எனக்குக் காட்டியது. இக்கட்டுரை முழுவதும் அதைப் பற்றியதே. விளக்கத்துக்காக ஒரே விமானத்தை எடுத்துக்கொள்கிறேன்: இறக்கையின் முழு நீளம் 120 சென்டிமீட்டர், அகலம் 20 சென்டிமீட்டர், இறக்கையின் பருமன் மிகுதியான இடத்தில் 24 மில்லிமீட்டர், பேட்டரியோடு சேர்த்து மொத்த எடை 800 கிராம், அதில் இறக்கையின் எடை 150 கிராம். பயிற்சி விமானம் கட்டுவோர் பலர் ஏறத்தாழ இந்த அளவில்தான் தொடங்குகிறார்கள்.

இறக்கை எவ்வளவு சுமக்கிறது?

நேராகவும் மட்டமாகவும் பறக்கும்போது இறக்கை தாங்குவது விமானத்தின் எடையை மட்டுமே. உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பும்போது அந்தச் சுமை இரண்டு மடங்காகிறது. பாய்ச்சலிலிருந்து நிமிரும்போது இன்னும் கூடுகிறது: நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வரும் விமானத்தைப் பத்து மீட்டர் ஆரமுள்ள வளைவில் நிமிர்த்தினால் சுமை ஏறத்தாழ 3.3 மடங்கு, அதே வளைவில் வேகம் 20 மீட்டராக இருந்தால் ஐந்து மடங்கைத் தாண்டும். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சுமை ஏறுவதால்தான், நாள் முழுவதும் அமைதியாகப் பறந்த இறக்கை ஒரேயொரு வேகமான இறக்கத்தில் மடிந்துபோகிறது. நம் விமானத்துக்கு நான்கு மடங்கு சுமையை இலக்காக வைத்துக்கொள்வோம். தலைகீழ்ச் சாகசங்களுக்கு அது போதாது. பறக்கக் கற்றுக்கொள்வதற்குப் போதும்.

காற்று இறக்கையை மேலே தூக்குகிறது, உடற்பகுதியின் எடை நடுவில் கீழே இழுக்கிறது. எனவே இறக்கையின் மேற்பரப்பு அமுக்கப்படுகிறது, கீழ்ப்பரப்பு இழுக்கப்படுகிறது, நடுப்பருமனில் இரண்டும் இல்லை. இந்த வளைவு நுனியில் ஒன்றுமில்லாமல் தொடங்கி, இறக்கை உடலோடு சேரும் இடத்தில் உச்சத்தை அடைகிறது. இறக்கையின் சொந்த எடையைக் கழித்துக் கணக்கிட்டால், நான்கு மடங்கு சுமையில் நம் விமானத்தின் நடுக்கோட்டில் விழும் வளைக்கும் திருப்புவிசை சுமார் 35 கிலோ-சென்டிமீட்டர், அதாவது ஒரு சென்டிமீட்டர் தள்ளி 35 கிலோ தொங்குவதற்குச் சமம். மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை என வைத்து, இரண்டுக்கும் நடுவே 21 மில்லிமீட்டர் இடைவெளி கிடைத்தால், ஒவ்வொரு பட்டையும் தாங்கவேண்டியது சுமார் 17 கிலோ. அதே விமானத்துக்கு 6 மில்லிமீட்டர் தட்டை ஃபோமில் இறக்கை செய்து, மேலும் கீழும் டேப் ஒட்டினால், ஒவ்வொரு டேப்பும் சுமார் 58 கிலோ தாங்கவேண்டியிருக்கும். சுமை மாறவில்லை, பருமன் மட்டுமே மாறியிருக்கிறது. ஆகவே, காசு செலவழிக்காமல் கிடைக்கும் முதல் வலு பருமன்தான் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், பொருள்களைத் தேர்ந்தெடுப்பது எளிதாகிவிடும்.

பொருள்கள்

வீட்டில் கட்டுவோர் கைக்கு வரும் ஃபோம்கள் ஒரே குணம் கொண்டவை அல்ல. பொட்டலங்களில் வரும் வெள்ளைத் தெர்மாகோல் மிக இலகுவானது, ஆனால் மணிமணியாக உதிரும். டெப்ரான் போன்ற நெருக்கமான பாலிஸ்டைரீன் தகடுகள் விறைப்பானவை. வளைத்தால் எச்சரிக்கை தராமல் முறியும். ஈபிபி எனப்படும் பாலிபுரோப்பிலீன் ஃபோம் எத்தனை முறை மோதினாலும் பழைய வடிவத்துக்கு மீளும், ஆனால் தொளதொளவென்று இருப்பதால் அதற்குத்தான் உள்ளே விறைப்பு மிக அதிகமாகத் தேவைப்படுகிறது. இருபுறமும் தாள் ஒட்டிய ஃபோம் போர்டில் அந்தத் தாள்தான் வலுவின் பெரும்பங்கு. தாள் கிழிந்தாலோ நனைந்தாலோ அது வெறும் ஃபோம்.

ஸ்பார் எனப்படும் தாங்குகம்பிக்கு என் முதல் பரிந்துரை, 3 மில்லிமீட்டர் அகலமும் 1 மில்லிமீட்டர் பருமனும் உள்ள கார்பன் பட்டை. ஒரு மீட்டர் நீளம் ஐந்து கிராம்கூட வராது. நமக்குத் தேவையான 17 கிலோவைச் சிரமமின்றித் தாங்கும். கார்பன் கிடைக்காவிட்டால் கவலைப்பட வேண்டியதில்லை. மூங்கில் மிக நல்ல பொருள். பட்டம் கட்டுபவர்கள் பிளந்து சீவி எடுக்கும் மூங்கில் சிம்புகளை நான் எத்தனையோ இறக்கைகளில் பயன்படுத்தியிருக்கிறேன். மூங்கிலின் நார் வெளித்தோலை ஒட்டியே நெருக்கமாக அமைந்திருப்பதால், சீவும்போது உட்பக்கத்தைச் சீவவேண்டும், தோல்பக்கத்தைத் தொடக்கூடாது. சதுரமாக 3 மில்லிமீட்டருக்குச் சீவிய சிம்பு ஒரு மீட்டருக்கு ஆறேழு கிராம் இருக்கும். ஒவ்வொரு சிம்பையும் பொதிப்பதற்கு முன் கையால் மெதுவாக வில்போல வளைத்துப் பார்த்து, கணுவில் கூர்மையாக மடிவதை ஒதுக்கிவிடவேண்டும். கடையில் வாங்கும் குட்டைக் குச்சிகளை இணைத்து நீளமாக்குவதானால், இணைப்பில் குறைந்தது 5 சென்டிமீட்டராவது ஒன்றன்மேல் ஒன்று படியவேண்டும். அந்த இணைப்பு இறக்கையின் நடுவில் வரக்கூடாது.

இரும்புக் கம்பி வேண்டவே வேண்டாம். 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு மீட்டர் உருண்டை இரும்புக் கம்பி 55 கிராம் இருக்கும். அதே அளவு உருண்டை மூங்கில் 5 கிராம். அத்துடன் இரும்பு ஒருமுறை வளைந்தால் வளைந்தபடியே நின்று, இறக்கையையும் கோணலாக்கிவிடும். எடையைப் பற்றி நான் இத்தனை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு: 800 கிராம் விமானம் 1000 கிராமானால், அது மிதந்து நிற்கக்கூடிய குறைந்தபட்ச வேகம் சுமார் 12 விழுக்காடு கூடுகிறது. தரையிறங்கும் வேகம் கூடினால் மோதலும் பலமாகும். மோதல் பலமானால் மறுபடியும் எதையாவது சேர்க்கத் தோன்றும். புதியவர்களின் விமானங்கள் இப்படித்தான் பறக்க முடியாத அளவுக்குக் கனத்துவிடுகின்றன.

பசையில்தான் தொடக்கத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். சாதாரண உடனடிப் பசை தெர்மாகோலையும் டெப்ரானையும் கரைத்துவிடும். நான் முதன்முதலில் அதை ஊற்றியபோது, ஸ்பாருக்காக வெட்டிய காடி என் கண்முன்னே அகன்று, இரண்டு நிமிடத்தில் ஒரு குழியாக மாறியது. செருப்புக்கும் ரப்பருக்கும் பூசும் கரைப்பான் கலந்த பசைகளும், ஸ்ப்ரே பெயிண்ட்டும் அதையே செய்யும். ஈபிபி மட்டும் உடனடிப் பசைக்குக் கரையாது. மற்ற ஃபோம்களுக்கு முப்பது நிமிடத்தில் இறுகும் எபாக்ஸி (இரண்டு பொருளைக் கலந்து பூசும் பசை) நம்பகமானது. ஈரம் பட்டால் நுரைத்து விரியும் பாலியுரேத்தேன் பசை இன்னும் இலகுவானது. ஆனால் விரிந்து வெளியே தள்ளாதபடி காடியின்மேல் டேப் ஒட்டி மூடவேண்டும். வெள்ளைத் தச்சுப் பசை வலுவானதே, ஆயினும் ஃபோமுக்குள் காற்றுப் படாததால் உலர ஒரு நாளுக்கு மேல் பொறுக்கவேண்டும். ஹாட் குளூவைச் சர்வோவை (அசையும் பலகைகளை இயக்கும் சிறு மோட்டாரை) ஒட்டவும் சிறு பழுதுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்பாருக்கு வேண்டாம். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் அரைமணி நேரம் கிடந்த இறக்கையில் அது இளகி, ஸ்பார் காடிக்குள் நழுவியதைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்பாரைப் பொதித்தல்

முதலில் இறக்கையின் இரு பாதிகளையும் தட்டையான பலகைமேல் வைத்து, முன்விளிம்பிலிருந்து 6 சென்டிமீட்டர் தள்ளி, அதாவது அகலத்தில் முப்பது விழுக்காட்டில், மேற்பரப்பிலும் கீழ்ப்பரப்பிலும் நேர்கோடு போடவேண்டும். காற்றின் தூக்குவிசை பெரும்பாலும் அகலத்தின் முதல் கால்பகுதியை ஒட்டியே செயல்படுகிறது. இறக்கை அதிகப் பருமனாக இருப்பதும் அதன் அருகில்தான். ஸ்பார் அங்கே இருந்தால் இரண்டு நன்மையும் ஒருங்கே கிடைக்கும்.

கார்பன் பட்டையைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி, 3 மில்லிமீட்டர் பக்கம் ஆழமாக இருக்கும்படி பொதிப்பதே எளிது. இதற்கு இரும்பு அடிகோலை அழுத்திப் பிடித்து, புதிய அலகு போட்ட கட்டரால் ஒரே ஒரு கீறல் கீறினால் போதும். அலகின் நுனி 3 மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி டேப் சுற்றிக்கொண்டால் கீறலின் ஆழம் எங்கும் ஒன்றாக வரும். மழுங்கிய அலகு தெர்மாகோலை வெட்டாது, மணிகளைப் பிய்த்து எடுக்கும். எனவே அலகில் கஞ்சத்தனம் கூடாது. மூங்கில் சிம்பாக இருந்தால் 3 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கீறல் கீறி, நடுவிலுள்ள ஃபோமை வழித்து எடுக்கவேண்டும். கார்பனை அறுக்கும்போது முகக்கவசம் அணிந்து, அறுக்கும் இடத்தை ஈரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் தூள் மூச்சுக்குக் கெடுதி, அதன் சிலும்பு விரலில் ஏறினால் எடுப்பது கடினம்.

இனி முக்கியமான இடம். மேல்பட்டையை நடுக்கோட்டிலிருந்து 50 சென்டிமீட்டர் வரையிலும், கீழ்ப்பட்டையை 44 சென்டிமீட்டர் வரையிலும் மட்டும் கொண்டுசெல்லுங்கள். நுனியில் மிச்சமிருக்கும் பகுதிக்குப் பட்டை தேவையில்லை, அங்கே வளைவு மிகக் குறைவு. இரண்டு பட்டைகளும் ஒரே கோட்டில் முடியக்கூடாது. முடிவு செங்குத்தாக வெட்டப்பட்டதாகவும் இருக்கக்கூடாது. கடைசி 3 சென்டிமீட்டரைச் சாய்வாகத் தேய்த்துப் பென்சில் நுனிபோல மெலிய விடவேண்டும். சுமை பட்டையிலிருந்து ஃபோமுக்குச் சிறிது சிறிதாக இறங்குவதற்கு இந்தச் சரிவுதான் வழி. என் பழைய இறக்கையின் குழாய் இந்தச் சரிவோடு முடிந்திருந்தால் அது அன்று மடிந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

எபாக்ஸியைக் காடிக்குள் குச்சியால் மெல்லியதாகப் பூசி, பட்டையை அழுத்தி இறக்கி, பிதுங்கியதை உடனே துடைத்துவிட்டு, மேலே டேப் ஒட்டி, இறக்கையைப் பலகையோடு சேர்த்துப் பாரம் வைத்து விட்டுவிடவேண்டும். பசை காயும்போது இறக்கை எந்த வடிவில் கிடந்ததோ அந்த வடிவம்தான் நிலைக்கும். ஒரு பாதி சற்றே முறுக்கிக்கொண்டு காய்ந்தால், அந்த விமானம் வாழ்நாள் முழுவதும் ஒரு பக்கமாகவே சாயும்.

நடு இணைப்பு

பயிற்சி விமானத்தின் இறக்கைப் பாதிகள் ஒவ்வொன்றும் மூன்று பாகை மேல்நோக்கிச் சாய்ந்திருப்பது நல்லது. ஒரு பாதியை மேசைமேல் தட்டையாக வைத்து, மறுபாதியின் நுனியை 6 சென்டிமீட்டர் உயர்த்தினால் இந்தச் சாய்வு கிடைக்கும். ஆனால் பட்டைகள் நடுவில் துண்டுபடுகின்றன. வளைவு உச்சமாக இருக்கும் இடமும் அதுவே. இங்கே 3 மில்லிமீட்டர் பிளைவுட்டில், 18 மில்லிமீட்டர் உயரமும் இருபுறமும் 12 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட, நடுவில் அதே கோணத்தில் மடிந்த ஒரு தாங்கியை அறுத்துக்கொள்ளவேண்டும். பிளைவுட்டின் மேல்தாளில் இழை நீளவாட்டில் ஓடவேண்டும். ஸ்பார் கோட்டில், மேல்பட்டைக்கும் கீழ்ப்பட்டைக்கும் இடையே உள்ள ஃபோமில் இந்தத் தாங்கிக்கு இடம் வெட்டி, பட்டைகளை ஒட்டி உட்காரும்படி எபாக்ஸியில் பதிக்கவேண்டும். இது இரு பாதிகளையும் இணைப்பதோடு, மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் ஒன்றையொன்று நோக்கி நசுங்காமல், நடுவிலிருக்கும் ஃபோம் வெட்டுப்பட்டுச் சரியாமல் காக்கிறது. இதன் முனைகளையும் மறக்காமல் சரிவாகச் சீவுங்கள். இது முடியும் இடமும் ஒரு முடிவுதானே.

பிறகு நடுக்கோட்டின்மேல் 6 சென்டிமீட்டர் அகலத்துக்கு மெல்லிய கண்ணாடியிழைத் துணியைச் சுற்றி, எபாக்ஸியைப் பழைய ஏடிஎம் அட்டையால் வழித்து ஊறவையுங்கள். துணி நனைந்து ஒளிபுகுவதாக மாறினால் போதும். பளபளவென்று தேங்கி நிற்கும் எபாக்ஸி வெறும் எடை. இறக்கையை ரப்பர் பேண்ட் போட்டு உடலோடு கட்டுவதானால், அது அழுத்தும் இடத்தில், முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் பிளந்த மூங்கில் துண்டு ஒன்றை ஒட்டுங்கள், இல்லையேல் ரப்பர் ஃபோமை அறுத்து உள்ளே போய்விடும். திருகாணியைவிட ரப்பர் பேண்ட்டையே புதியவர்களுக்கு நான் சொல்வேன்: மோதும்போது இறக்கை விலகிக் கொடுக்கும்.

முறுக்கைத் தடுத்தல்

வளையாத இறக்கை முறுக்கிக்கொள்ளக்கூடும். ஸ்பார் ஒரே கோட்டில் இருப்பதால் முறுக்கை அது அதிகம் தடுப்பதில்லை. அந்த வேலையை மேற்தோல் செய்யவேண்டும். எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க, பின்விளிம்பில் அசையும் பலகை) பொருத்திய இறக்கையில் இது மிக முக்கியம். எய்லரான் கீழே இறங்கும்போது பின்விளிம்பு மேலே தள்ளப்படுகிறது. இறக்கை தொளதொளப்பாக இருந்தால் எய்லரான் விமானத்தை ஒரு பக்கம் சாய்க்கப் பார்க்க, முறுக்கிய இறக்கை மறுபக்கம் சாய்க்கப் பார்க்கும். வேகத்தில் இறக்கையோ எய்லரானோ படபடவென்று அதிர்ந்து ரீங்காரம் எழுந்தால், உடனே த்ராட்டிலை (மோட்டாரின் வேகத்தை) குறைத்து மெதுவாக இறக்கிவிடவேண்டும். அந்தப் படபடப்பு சில நொடிகளில் இறக்கையைச் சிதறடிக்கக்கூடியது.

இதற்கு மலிவான மருந்து சாதாரணப் பேக்கிங் டேப். ஸ்பார் கோட்டில் தொடங்கி, முன்விளிம்பைச் சுற்றி, கீழ்ப்பக்க ஸ்பார் கோடு வரை டேப்பை இடைவெளியின்றி ஒட்டினால், இறக்கையின் முன்பகுதி மூடிய குழாய்போல ஆகி முறுக்கை நன்றாக எதிர்க்கும். முடிந்தால் 45 பாகைச் சாய்வில் ஒட்டுங்கள். டேப்பை இழுத்து ஒட்டினால் அது சுருங்கி இறக்கையைக் கோணலாக்கும். ஆகவே தளர்வாக விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து ஒட்டவேண்டும். மேலும் உறுதி தேவையானால், காக்கித் தாளைத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் தோய்த்து ஒட்டலாம். காய்ந்தபின் அது தோல்போல இறுகும். காயும்போது தாள் சுருங்குவதால், மேலும் கீழும் ஒரே நாளில் ஒட்டி, பாரம் வைத்து, முற்றிலும் உலரும்வரை தொடாமல் இருக்கவேண்டும். இதன் எடை டேப்பைவிடக் கூடுதல் என்பதால் சிறிய விமானங்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

தட்டை ஃபோம் இறக்கை

ஃபோம் போர்டிலோ டெப்ரானிலோ தட்டையாக இறக்கை வெட்டியவர்களுக்குப் பருமன்தான் குறை. அகலத்தின் முன்பாதியில் மேலே இன்னொரு அடுக்கு ஃபோமை ஒட்டினால், அந்த இடத்தில் பருமன் இரட்டிப்பாகி, விறைப்பு பல மடங்கு கூடுகிறது. இந்தப் படிக்கட்டு வடிவத்தை 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் கிளைன், ஃபிளாய்ட் ஃபோகல்மன் என்ற இருவர் காப்புரிமை பெற்று அறிமுகப்படுத்தினார்கள். இன்றும் ஃபோம் விமானம் கட்டுவோர் அதைக் கேஎஃப்எம் என்று அழைக்கிறார்கள். பெரிய விமானங்களில் அது எடுபடவில்லை, ஆனால் நம் அளவில் கட்டுவதற்கு எளிமையானது, அடுக்குகளுக்கு நடுவே ஸ்பாரை வைக்கவும் வசதியானது. இழை ஓடிய ஃபிலமெண்ட் டேப்பைக் கீழ்ப்பரப்பில் நீளவாட்டில் ஒட்டுவதும் நல்ல பலன் தரும், ஏனெனில் இழுவிசையைத் தாங்குவதில் அது கெட்டிக்காரப் பொருள். மேற்பரப்பில் அதே டேப் அமுக்கத்தில் சுருங்கி மடியக்கூடும். அங்கே மூங்கிலோ கார்பனோதான் வேண்டும்.

பறப்பதற்கு முன் சோதனை

கட்டி முடித்தபின் பேட்டரியைப் பொருத்தி, உடற்பகுதிக்குள் இறக்கைக்கு நேர் கீழே கூடுதலாக 500 கிராம் பாரம் வையுங்கள். அரிசிப் பொட்டலம் போதும். இப்போது இருவர் ஆளுக்கொரு இறக்கை நுனியில் உள்ளங்கையைக் கொடுத்து, மெத்தைக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்கு மெதுவாகத் தூக்கவேண்டும். பறக்கும்போது சுமை இறக்கை நெடுகப் பரவியிருக்கும், இங்கே முழுவதும் நுனியில் விழுகிறது. எனவே இந்த 500 கிராமிலேயே நம் விமானத்தின் நடுக்கோடு ஏறத்தாழ நான்கு மடங்கு சுமையை உணர்ந்துவிடுகிறது. இறக்கை வில்போல ஒரே சீராக வளைந்தால் நல்லது. ஏதாவதோர் இடத்தில் மட்டும் மடிவதுபோலக் கோணம் விழுந்தாலோ, மேற்பரப்பில் சுருக்கம் தெரிந்தாலோ, நொறுங்கும் ஒலி கேட்டாலோ, உடனே இறக்கிவிட்டு அந்த இடத்தில் பென்சிலால் குறியிடுங்கள். பெரும்பாலும் அந்தக் குறி ஒரு பட்டையோ தாங்கியோ முடியும் இடத்தில்தான் விழும். அங்கே 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு, இரு முனையும் மெலிந்த இன்னொரு சிம்பைப் பக்கத்தில் பொதித்து, மறுபடி சோதியுங்கள். முறுக்கைச் சோதிக்க, ஒருவர் உடலைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் நுனியை இரு விரலால் திருகிப் பார்த்து, இரு பக்கமும் ஒரே அளவு எதிர்க்கிறதா என்று ஒப்பிடலாம்.

கார்பன் பயன்படுத்தியிருந்தால் ரிசீவரின் (விமானத்திலுள்ள ரேடியோ வாங்கியின்) ஆண்டெனா அதை ஒட்டிப் படுக்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள், கார்பன் ரேடியோ அலையை மறைக்கும். முதல் நாள் பாய்ச்சலும் கூர்மையான நிமிர்த்தலும் வேண்டாம். ஒவ்வொரு தரையிறக்கத்துக்குப் பின்னும் இறக்கையின் மேற்பரப்பில், ஸ்பார் முடியும் இடங்களின்மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய சுருக்கம் விரலுக்குத் தெரியும், அது தெரிந்தால் அன்றைய பறத்தலை அத்துடன் நிறுத்திக்கொண்டு விமானத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.